சௌராஸ்தா மாடியில வாங்குன பழைய கேஸ் புக்கும் பாய் கடை போர்டும்

மொதல்லயே சொல்லிடுறேன், நான் லோயர் இல்ல. பினாங்கு ஜார்ஜ்டவுன்ல ஒரு லோயர் ஆபீஸ்ல பதினெட்டு வருஷமா கிளார்க்கு. வீடு வாங்குற விக்கிற பேப்பர், ஸ்டாம்பிங், லேண்ட் ஆபீஸ், கோர்ட்டு கவுண்டர், இதுதான் என் பொழப்பு. கேஸ் பேரை எல்லாம் டைப் அடிச்சிருக்கேனே தவிர ஒண்ணையாவது உக்காந்து படிச்சதில்ல. இப்ப படிச்சதுக்குக் காரணம் அக்கா மக. கேஎல்ல, அதான் கோலாலம்பூர்ல, லா மொத வருஷம் சேந்திருக்கா, ஒரு லிஸ்ட் அனுப்பி "சித்தி, புதுசு வாங்குனா ஒரு புக்கே முன்னூறு நானூறு வெள்ளி ஆகுது, பினாங்குல பழைய புக்கு கிடைக்குமாமே, பாருங்களேன்"னு கேட்டா. அதனால ஒரு சனிக்கிழமை காலையில மோட்டாரை எடுத்துக்கிட்டு சௌராஸ்தா மார்க்கெட்டுக்குப் போனேன்.

தெரியாதவங்களுக்கு, சௌராஸ்தா பினாங்கு ரோட்டுல, கொம்தார்ல இருந்து நடந்தே போயிடலாம். கீழ மார்க்கெட்டு, முன்னாடி பக்கம் ஜாதிக்காய், மாங்கா, அம்ரானு கலர் கலரா ஜெருக் (ஊறவச்ச பழம்) கடை, டூரிஸ்ட் கூட்டம் எல்லாம் அங்கதான் நிக்கும். மாடியில பழைய புக்கு கடைங்க. நம்ம தமிழ் முஸ்லிம் பாய்ங்கதான் பாதிக்கு மேல வச்சிருக்காங்க, அதனால தமிழ்லயே பேரம் பேசலாம், இது ஒண்ணே பெரிய பிளஸ். நான் எஸ்.பி.எம் (அஞ்சாம் படிவப் பரீட்சை) எழுதுறப்ப எங்கப்பா இங்கதான் எனக்கு ஒர்க்புக் வாங்கிக் குடுத்தார், பாதி பதில் முன்னாடியே பென்சில்ல எழுதியிருக்கும், அழிச்சுட்டு திரும்ப எழுதணும்.

நான் போன கடை பேரை இங்க போடல, ஏன்னு கீழ படிச்சா புரியும். புக்கு தரையில இருந்து தலைக்கு மேல வரைக்கும் அடுக்கியிருக்கு, ஒரு ஃபேன், அதுவும் பாய் பக்கம்தான் திரும்பியிருக்கு. சமையல் புக்கு, மருத்துவ புக்கு, மலாய் நாவல், எண்பதுகள்ல வந்த கம்ப்யூட்டர் புக்கு எல்லாம் ஒரே அடுக்குல. லா புக்கு கேட்டா "அந்த மூலை தங்கச்சி, கீழ் வரிசை, கால்ல இடிச்சுக்காத"ன்னார். அவ்வளவுதான் சர்வீஸ். ஆனா அந்த மூலையில இருந்த சரக்கு, சும்மா சொல்லக் கூடாது. இங்கிலீஷ் கேஸ் தொகுப்பு மட்டுமே ஏழெட்டு இருந்துச்சு. அட்டை போனது, பூச்சி அரிச்சது, யாரோ மஞ்சள் மார்க்கர்ல புக்கையே பெயின்ட் அடிச்சது. 1950கள்ல அச்சடிச்ச கெட்டி அட்டை புக்கு ஒண்ணை எடுத்தேன், வாசனையே தனி. நாப்பத்தஞ்சு சொன்னார், முப்பத்தஞ்சுக்கு முடிச்சேன்.

இவ்வளவு பழசு எதுக்குன்னு நீங்க கேப்பீங்க, நானும் கேட்டேன், ஆபீஸ்ல எங்க பாஸ் சொன்னது இது. நம்ம நாட்டுல 1956 சிவில் லா ஆக்ட்டுன்னு ஒண்ணு இருக்கு. அதுல 3வது பிரிவு என்ன சொல்லுதுன்னா, தீபகற்ப மலேசியாவுல எழுதுன சட்டம் இல்லாத இடத்துல 7 ஏப்ரல் 1956 அன்னிக்கு இங்கிலாந்துல இருந்த காமன் லாவை (ஜட்ஜுங்க தீர்ப்புல இருந்து வளந்த சட்டம்) எடுத்துக்கலாம், அதுவும் நம்ம ஊர் நிலைமைக்கு ஒத்து வந்தா மட்டும். சபாவுக்கு 1 டிசம்பர் 1951, சரவாக்குக்கு 12 டிசம்பர் 1949. அதுக்கப்புறம் அங்க வந்த தீர்ப்பு எல்லாம் இங்க கட்டாயம் இல்ல, ஜட்ஜுக்குப் பிடிச்சா எடுத்துக்குவார். ஆக, உலகத்துல எல்லாரும் புது எடிஷன் தேடுறப்ப, நம்மளுக்கு ஐம்பதுகள்ல வந்த இங்கிலீஷ் கேஸ் புக்கு வெறும் பழைய பேப்பர் இல்ல. பாய்க்கு இது தெரிஞ்சிருந்தா முப்பத்தஞ்சுக்குக் குடுத்திருக்கவே மாட்டார்.

வீட்டுக்கு வந்து சும்மா புரட்டலாம்னு ஆரம்பிச்சேன், ராத்திரி ஒரு மணி ஆயிடுச்சு. இதை எல்லாம் ஏன் ஸ்கூல்ல சொல்லிக் குடுக்கலன்னு கோவமே வந்துச்சு.

நத்தை கேஸ் எல்லாரும் கேள்விப்பட்டிருப்பீங்க. 26 ஆகஸ்ட் 1928, ஸ்காட்லாந்துல பெய்ஸ்லின்னு ஒரு ஊரு, ஞாயித்துக்கிழமை. மே டோனஹியூன்னு ஒரு பொம்பள, தோழி கூட கஃபேக்குப் போறாங்க, தோழிதான் காசு குடுத்து ஐஸ்கிரீமும் ஜிஞ்சர் பியரும் வாங்குறாங்க, நம்ம ஊர்ல ரூட் பியர் ஃப்ளோட் குடிக்கிறோமே அந்த மாதிரி. பாட்டில் இருட்டு கலரு, உள்ள என்ன இருக்குன்னு தெரியாது. கொஞ்சம் குடிச்சிட்டு மிச்சத்தை ஊத்துனா அழுகிப்போன நத்தை விழுதுன்னு அவங்க சொன்னது. இப்ப யாரு மேல கேஸ் போடுறது? காசு குடுத்தது இவங்க இல்ல, அதனால கஃபே கூட இவங்களுக்கு ஒப்பந்தம் கிடையாது. பாட்டில் செஞ்ச ஸ்டீவன்சனுக்கு இவங்களை யாருன்னே தெரியாது. இதுல கூத்து என்னன்னா, இவங்க கேஸ் போடுறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடிதான் 1929ல இதே மாதிரி ஜிஞ்சர் பியர்ல எலி கிடந்ததுன்னு போட்ட கேஸ் தோத்துப் போச்சு. அதுல தோத்த அதே லோயர் ஒரு மாசம் கூட ஆகல, இந்த நத்தையைத் தூக்கிக்கிட்டு திரும்ப கோர்ட்டுக்குப் போறார். நானா இருந்தா வேற வேலை பாத்திருப்பேன். அவர் அப்ப அங்க கடைசி கோர்ட்டா இருந்த ஹவுஸ் ஆஃப் லார்ட்ஸ் வரைக்கும் போனார். அந்தம்மாகிட்ட காசு இல்ல, நான் ஏழைன்னு மனு போட்டுத்தான் அங்க கேஸ் நடத்துனாங்க. 26 மே 1932ல தீர்ப்பு, 3க்கு 2, ஒரே ஒரு ஜட்ஜு வித்தியாசம். லார்ட் ஆட்கின் பைபிள்ல பிறனை நேசின்னு இருக்குறதை எடுத்து, சட்டத்துல அந்த 'பிறன்' யாருன்னு கேட்டு, நான் செய்யுற காரியத்தால யாருக்கு பாதிப்பு வரும்னு நான் யோசிச்சிருக்கணுமோ அவங்க எல்லாம்தான்னு சொல்லிட்டார். இன்னிக்கு நாம போடுற நெக்லிஜன்ஸ் (கவனக்குறைவு) கேஸ் பூரா அதுல இருந்து வந்ததுதான். கடைசியில நத்தை நிஜமாவே இருந்துச்சா? அதை எந்தக் கோர்ட்டும் விசாரிக்கவே இல்ல! ஸ்டீவன்சன் செத்துட்டார், 200 பவுன் குடுத்து வெளிய பேசி முடிச்சுட்டாங்க.

அடுத்து படிச்சதை சாப்பிடுறப்ப படிக்காதீங்க. 1884ல மின்யொனெட்டுன்னு ஒரு சின்னப் படகு சவுத்தாம்டன்ல இருந்து சிட்னிக்குப் போகுது, நாலே பேரு. நடுக்கடல்ல முழுகி, சின்ன ஓடத்துல மிச்சம் ரெண்டு டின் டர்னிப்பு மட்டும், தண்ணி இல்ல. ஒரு ஆமை கிடைச்சுது, அதையும் தின்னாச்சு. மூணு வாரம் போல ஆனப்ப, கடல் தண்ணி குடிச்சு மயங்கிக் கிடந்த ரிச்சர்ட் பார்க்கர், 17 வயசுப் பையன், அவனை கேப்டன் டட்லியும் ஸ்டீபன்ஸும் சேந்து கொன்னு... மிச்சம் நான் எழுதல. நாலஞ்சு நாள்ல ஒரு ஜெர்மன் கப்பல் வந்து காப்பாத்திடுச்சு, அதை நினைச்சாத்தான் வயிறு என்னமோ பண்ணுது. ஊருக்கு வந்து டட்லி எதையும் மறைக்கல, இதுக்கெல்லாம் கேஸ் போடுவாங்கன்னே அவர் நினைக்கல, கடலோடிங்க வழக்கம் அப்படின்னு நம்பியிருக்கார். கோர்ட்டு தூக்குன்னு சொல்லிச்சு, அப்புறம் 6 மாச ஜெயிலா குறைச்சுட்டாங்க. உயிர் போற நிலைமையா இருந்தாலும் ஒண்ணுந்தெரியாதவனைக் கொல்ல சட்டம் விடாது, ஆனா தூக்குலயும் போட மனசு வரல. என் வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன், "அந்த நாலாவது ஆளு?"ன்னு கேட்டார். புரூக்ஸ், அவர் நான் ஒத்துக்கலன்னு சொன்னவர், அவர் மேல கேஸ் இல்ல, அவரே சாட்சி. ஆனா அவரும் சாப்பிட்டார்.

1670 புஷெல் கேஸும் அதுல இருக்கு, சின்னதா. ஜூரி, நாங்க குற்றவாளின்னு சொல்ல மாட்டோம்னு நின்னதுக்கு ரெண்டு ராத்திரி சாப்பாடு தண்ணி நெருப்பு இல்லாம அடைச்சு வச்சு, அப்புறம் அபராதம் வேற. கட்ட மாட்டேன்னு ஜெயிலுக்குப் போன புஷெலை மேல் கோர்ட்டு விடுதலை பண்ணி, ஜூரியோட முடிவுக்கு யாரும் தண்டனை குடுக்க முடியாதுன்னு சொல்லிடுச்சு. நம்ம நாட்டுல ஜூரியே 1995ல இருந்து இல்ல, அதனால இதை வச்சு இங்க ஒண்ணும் பண்ண முடியாது, ஆனா படிக்க நல்லாருக்கு.

இப்ப பிரச்சனைக்கு வர்றேன். கன்ட்ராக்ட்டு பகுதியில கார்பாலிக் ஸ்மோக் பால் கேஸ், மொத வருஷப் பசங்க மொதல்ல படிக்கிறதே அதுதானாம், அந்த இடத்துல எட்டுப் பக்கம் காணோம். கிழிச்ச தடம் அப்படியே தெரியுது. யாரோ பரீட்சைக்கு முன்னாடி ராத்திரி பிளேடு போட்டிருக்கான்.

அக்கா மகளுக்கு போன் பண்ணி சொன்னா அவ விழுந்து விழுந்து சிரிக்கிறா. "சித்தி, அந்தக் கடையில ஏதாவது போர்டு இருந்துச்சா?" இருந்துச்சு. காசு போடுற பிஸ்கட் டின்னுக்கு மேல அட்டையில மலாய்லயும் தமிழ்லயும் எழுதி வச்சிருந்தாங்க, பக்கம் குறைஞ்சா 7 நாள்ல காசு வாபஸ்னு. "அப்ப நீங்கதான் மிஸஸ் கார்லில்"னு சொல்லி அவளே கதையைச் சொன்னா.

1891ல லண்டன்ல ஃப்ளூ பரவுது. ஒரு கம்பெனி ரப்பர் பந்து விக்கிறாங்க, உள்ள கார்பாலிக் பவுடரு, குழாயை மூக்குல வச்சு அமுக்குனா புகை மாதிரி உள்ள போகும். நம்ம கோடாலித் தைலத்தை உறிஞ்சுறோமே, அதுக்குப் பெரியப்பா மாதிரி. பேப்பர்ல விளம்பரம்: இதை ஒரு நாளைக்கு மூணு தடவை, ரெண்டு வாரம், சொன்னபடி யூஸ் பண்ணியும் ஃப்ளூ வந்தா 100 பவுன் தர்றோம், எங்க வார்த்தை நிஜம்னு காட்ட 1000 பவுன் பேங்க்ல போட்டு வச்சிருக்கோம். லூயிசா கார்லில் ரெண்டு மாசம் விடாம மூக்குல வச்சாங்க, ஜனவரி 1892ல ஃப்ளூ வந்துச்சு. அவங்க வீட்டுக்காரர் சட்டம் படிச்சவர், கடிதாசி போட்டார், கம்பெனி கண்டுக்கல. கோர்ட்டுல கம்பெனி சொன்னது, விளம்பரம்னா சும்மா பில்டப், ஊர் உலகத்தோட எல்லாம் ஒப்பந்தம் போட முடியுமா, அந்தம்மா ஏத்துக்கிட்டேன்னு எங்களுக்குச் சொல்லவே இல்லையேன்னு. டிசம்பர் 1892ல அப்பீல் கோர்ட்டு மூணு ஜட்ஜும் தூக்கிப் போட்டுட்டாங்க. 1000 பவுன் பேங்க்ல போட்டேன்னு சொன்னவன் விளையாட்டுக்குச் சொல்லல. இப்படிச் செய்யின்னு உலகத்தையே பாத்துச் சொன்னா, செஞ்சவங்க எல்லாருக்கும் அது ஒப்பந்தம்தான், செய்யுறதே சம்மதம், தனியா சொல்ல வேண்டியதில்ல. கார்லில் அம்மா 96 வயசு வரைக்கும் இருந்து 1942ல போனாங்களாம், காரணம் வயசு, கூடவே ஃப்ளூ.

அடுத்த வியாழக்கிழமை லஞ்ச் டைம்ல, அஞ்சாவது நாள், புக்கோட போய் நின்னேன். போர்டைக் காட்டுனேன். பாய் போர்டைப் பாத்தார், என்னைப் பாத்தார். "இது வாப்பா காலத்து போர்டும்மா. ஸ்கூல் புக்குக்கு போட்டது." அப்படின்னு எழுதலையே பாய்ன்னேன். "இவ்வளவு பழைய புக்குன்னா ரெண்டு பக்கம் முன்ன பின்னதான் இருக்கும்." எட்டுப் பக்கம் பாய். "நீ எடுக்குறப்பவே எண்ணிப் பாத்திருக்கணும்." இங்கதான் எனக்குக் கோவம். எண்ணிப் பாக்க முடியாதுன்னுதானே போர்டே வச்சிருக்கீங்க? பக்கத்துக் கடைக்காரர், வயசானவர், கேட்டுக்கிட்டே இருந்தவர், "உங்க வாப்பா இருந்திருந்தா குடுத்திருப்பாருடா தம்பி"ன்னு ஒரு வார்த்தை சொன்னார். பாய் மூஞ்சி மாறிடுச்சு. டின்னைத் திறந்தார். ஆனா முப்பத்தஞ்சும் தரல, பாதி. புக்கை நீயே வச்சுக்கன்னார். ஒத்துக்கிட்டேன், ஏன்னா மிச்சக் கேஸ் எல்லாம் படிக்க வேண்டியிருந்துச்சு. பேங்க்ல ஆயிரம் பவுன் இல்லாம பிஸ்கட் டின் மட்டும் இருந்தா கேஸ் நிக்குமான்னு அக்கா மககிட்ட கேட்டேன், அது எக்ஸாம்ல வரும் சித்திங்கறா.

வாங்கப் போறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. இங்கிலீஷ் கேஸ் புக்கை வச்சு இங்க கன்ட்ராக்ட் சட்டம் படிச்சா மாட்டிக்குவீங்க. நம்மளோடது 1950 கன்ட்ராக்ட்ஸ் ஆக்ட், 1872 இந்தியச் சட்டத்தோட அச்சு. இங்கிலாந்துல ஒப்பந்தத்துக்குப் பதிலா நீயே ஏதாவது குடுத்திருந்தாத்தான் கேக்க முடியும்னு பழைய விதி. இங்க 2(d) பிரிவுல வேற யாரு குடுத்திருந்தாலும் செல்லும். அதுக்கு நம்ம லா பசங்க படிக்கிற கேஸு 1880கள்ல மெட்ராஸ் ஹைகோர்ட்டுல வந்தது. அம்மா மகளுக்கு நிலத்தை எழுதிக் குடுக்குறாங்க, ஆனா சொந்தக்காரங்களுக்கு வருஷா வருஷம் பணம் குடுக்கணும்னு சொல்லி. நிலம் கைக்கு வந்ததும், அவங்க எனக்கு என்ன குடுத்தாங்க, நான் எதுக்குக் குடுக்கணும்னு ஒரு வாதம். அம்மா நிலம் குடுத்தாங்கல்ல, அது போதும்னு கோர்ட்டு சொல்லிடுச்சு. நம்ம வீட்டுச் சண்டையே கேஸா இருக்கு பாருங்க. டார்ட்டுக்கு, அதாவது நத்தை கேஸ் மாதிரி அடுத்தவனால வந்த பாதிப்புக்கு நஷ்டஈடு கேக்குற சட்டத்துக்கு, இந்தப் பழைய புக்கு வாங்கலாம், கன்ட்ராக்ட்டுக்கு லோக்கல் புக்கு புதுசா வாங்குங்க, காசைப் பாக்காதீங்க.

இன்னொரு குறை, இது பாய் மேல இல்ல, புக்கு மேல. ஆயிரம் பக்கத்துல பினாங்கு ஒரு இடத்துலயும் இல்ல. இங்கிலீஷ் சட்டம் இந்தப் பக்கம் மொதல்ல கால் வச்சதே நம்ம தீவுலதான். ஃபிரான்சிஸ் லைட் 1786ல வந்து எறங்கி இருபது வருஷத்துக்கு மேல ஒழுங்கான கோர்ட்டே இல்ல, 1807ல ராஜா சாசனம் குடுத்து, 1808ல கோர்ட்டு திறந்தாங்க. அப்புறம் அப்ப நம்மளுக்குக் கடைசி அப்பீல் இடமா இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போன நம்ம ஊர் கேஸ் இருக்கு, 1875, யாப் சியா நியோ எதிர் ஓங் செங் நியோ. ஒரு சீன அம்மா உயில்ல, ஒரு வீட்டை ஒதுக்கி, எனக்கும் எங்க வீட்டுக்காரருக்கும் அங்க படையல் போடுங்கன்னு எழுதிட்டுப் போறாங்க. லண்டன்ல இருந்த ஜட்ஜுங்க, சொத்தைக் காலாகாலத்துக்கும் கட்டி வைக்கக் கூடாது, ஊருக்கு நன்மைன்னா தர்மம்னு விடலாம், இது அந்தக் குடும்பத்துக்கு மட்டும்தான், செல்லாதுன்னு சொல்லிட்டாங்க. எங்க தாத்தா தோட்டத்துல குலதெய்வத்துக்குன்னு ஒரு மூலை வச்சிருந்தார், பேப்பர்ல ஒண்ணும் இல்ல, அதை நினைச்சுக்கிட்டேன். இதை எங்க பாஸ் வாயால கேட்டேன், புக்குல இல்ல.

லெபோ லைட்டுல ஹைகோர்ட்டு முன்னாடி லோகன் நினைவுச் சின்னம் நிக்குது, சுத்தி நாலு பெண் சிலை. பதினெட்டு வருஷமா ஃபைலைத் தூக்கிக்கிட்டு அதைத் தாண்டித்தான் போறேன், மழைக்கு ஒதுங்கிக்கூட நின்னிருக்கேன். ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் லோகன், ஸ்காட்லாந்துக்காரர், லோயர், வெள்ளைக்காரங்க இல்லாதவங்களுக்காகவும் வாதாடுனவர், 1869ல மலேரியாவுல போயிட்டார். இந்தோனேசியாங்கிற பேரை 1850லயே எழுத்துல போட்டவரும் இவர்தான். போன வாரம்தான் நின்னு கல்லுல எழுதியிருக்குறதைப் படிச்சேன், செக்யூரிட்டி என்னை ஒரு மாதிரி பாத்தார்.

சரி, போறவங்களுக்கு. காலையிலயே போங்க, மத்தியானம் மாடியில வேகும். சில்லறை கொண்டு போங்க. சொன்ன விலையில கால்வாசி குறையும், அதுக்கு மேல கேட்டா மூஞ்சியைத் திருப்பிக்குவாங்க. லா புக்குன்னா கன்ட்ராக்ட்டு பகுதியை மொதல்ல திறந்து பக்க நம்பரைப் பாருங்க, நத்தை இருக்கா புகைப்பந்து இருக்கான்னு. அஞ்சுக்கு மூணரை ஸ்டார் குடுக்குறேன், அந்த அரை, பக்கத்துக் கடைக்காரருக்கு.

நேத்து திரும்ப அந்தப் பக்கம் போனேன், அக்கா மகளுக்கு வேற புக்கு பாக்க. பாய் ஒண்ணும் சொல்லல, தே ஓ ஐஸ் (பால் இல்லாத ஐஸ் டீ) கூட வாங்கிக் குடுத்தார். டின்னுக்கு மேல போர்டு இன்னும் இருக்கு. கீழ பேனாவுல புதுசா ஒரு வரி: லா புக்குக்கு இல்ல.